வேர்வை வராத ஊர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாகத்தான் வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்கேயாவது போய்விடுவேன். வயசும் ஆகிவிட்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில நேரம் பிடிபடுவதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதப் போவது ஓர் அக்காவைப் பற்றி. பேர் வேண்டாம். இருக்கிற சொந்தக்காரர் மனம் நோகக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கம் அவருடைய ஊர். கலியாணம் கட்டவில்லை. கண்டியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒயரை இந்த ஓட்டையிலிருந்து பிடுங்கி அந்த ஓட்டையில் குத்துகிற வேலை. கடுகண்ணாவையில் ஒரு முஸ்லிம் வீட்டின் முன் அறையில் வாடகைக்கு இருந்தார். அதே வீட்டின் பின் அறையில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். வீட்டுக்காரர் கண்டி மார்க்கட்டில் மூட்டை தூக்கினார். நான் அக்காவுக்கும், வீட்டுச் சொந்தக்காரியான ராத்தாவுக்கும் சமைத்து, துணி துவைத்துக் கொடுத்தேன். ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா என்றுதான் அர்த்தம். புருசன் மௌத்தான பிறகு தனியாக அந்த வீட்டை ஆண்டவர். வாய் பெரிசு. மனசும் பெரிசு.

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய லேஞ்சி, அதாவது கைக்குட்டை. வெள்ளை லேஞ்சி, நாலாய் மடித்து இடுப்பில் செருகியிருப்பார். வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கி, மேட்டு வழியே வீட்டுக்கு ஏறி வந்ததும் கதிரையில் உட்கார்ந்து கழுத்தைத் துடைப்பார். பிறகு லேஞ்சியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஈரம் பட்டிருந்தால் அன்றைக்குச் சந்தோசம், பாட்டுக் கூட வரும். காய்ந்திருந்தால் முகம் சுருங்கிவிடும்.

"பார் பிள்ளை, ஒரு துளி இல்லை. வேர்வை வராத ஊரும் ஒரு ஊரே?"

அக்காவுக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி. இங்கே வேலைக்கு வந்து சில வருசத்தில் பிடித்ததாம். அது எப்படி வந்தது என்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"எங்கடை ஊரிலை இருந்தாலும் வேர்க்கும், படுத்தாலும் வேர்க்கும். உடம்பிலை கிடக்கிற சீனி எல்லாம் அதோடை வெளியாலை போயிடும். இஞ்சை குளிர் வந்து தோலை மூடிப்போட்டுது. சீனி உள்ளுக்கை கிடந்து ஊறுது."

ராத்தா சும்மா விட மாட்டார். "அப்ப ஒங்கட ஊருல ஒருத்தருக்கும் சீனி இல்லியா?"

"என்ரை அப்பருக்கு இருந்தது. ஆனால் அவர் கொழும்பிலை வேலை செய்தவர்."

"கொழும்பு என்ன குளிரா புள்ள?"

"கந்தோரிலை ஃபேன் போட்டிருந்தவை."

ராத்தா தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார். அவருக்கு அது விளையாட்டு இல்லை. எக்ஸ்சேஞ்சில் இயந்திரம் சூடாகக் கூடாது என்று அறையையே ஏசி போட்டு வைத்திருப்பார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி ஆத்திரப்படுவார். "மெசினுக்கு வேர்க்கக் கூடாதாம். எனக்கு வேர்க்க வேணுமெண்டு ஒருத்தனுக்கும் கவலையில்லை."

அதனால் லீவு நாளில் முற்றத்தில் வெயில் எங்கே விழுகிறதோ அங்கே அவருடைய கதிரையும் போகும். காலையில் கொய்யா மரத்தடி, மத்தியானம் பைப்படி, பின்னேரம் மதிலோரம். தூக்கிக் கொண்டுபோய் வைக்கிறது நான்தான். நடு மத்தியானத்தில் கம்பளிச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று நினைப்பார்கள். ஆனால் மழை பிடித்துவிட்டால் அக்காவின் பாடு பாவம்தான். மேட்டு வழி வழுக்கும், ஸ்டேசனிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவார். நடை நின்றுபோகும். போர்வைக்குள் இருந்துகொண்டு பிளேன் டீ கேட்பார். ஒன்று, இன்னொன்று, பிறகும் ஒன்று. கூடவே கடிக்கக் கருப்பட்டித் துண்டு.

"அக்கா, கருப்பட்டி ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?" என்று நான் மெதுவாகக் கேட்டால், "குளிருக்கு வேறை என்னடி செய்யிறது?" என்பார். அதற்கு மேல் கேட்க எனக்கு நா எழாது.

தமிழர்களைத் தேடித் தேடி அடித்த அந்த ஆடி மாதத்துக் கலவரம் வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். கலவரம் எங்களுக்குப் புதிது இல்லை. அதற்கு முந்தியதிலும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தான் நாங்கள். திரும்பத் திரும்ப ஓடினால் பயம்கூட அலுத்துப்போகும். இந்தத் தடவை ராத்தா எங்களை ஓட விடவில்லை. பஞ்சு மெத்தைகள் அடுக்கியிருக்கும் உள்ளறையில் அக்காவையும் என்னையும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதிக்கொண்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் கண்டியில் மாட்டிக்கொண்டார். மார்க்கட்டிலேயே ஒரு கடைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அறையில் காற்று இல்லை. ஜன்னல் அடைத்துக் கிடந்தது. காலையில் எழுந்ததும் அக்கா வழக்கம்போல் சீனிக்கு டாக்டர் கொடுத்த குளிசையை விழுங்கினார். ஆனால் அன்றைக்குச் சமையல் இல்லை. ரோட்டில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள், யார் அடுப்பு மூட்டுவது? மத்தியானம் ஆகும்போது அக்கா என் கையைப் பிடித்தார். அவருடைய கை நனைந்திருந்தது.

"பிள்ளை, வேர்க்குதடி!" என்று காதுக்குள் சொன்னார். முகமெல்லாம் முத்து முத்தாக வேர்வை. லேஞ்சியை எடுத்துத் துடைத்தார், பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. "கண்டியிலை வந்து இப்பிடி வேர்த்ததே இல்லை. பார், எல்லாம் கரைஞ்சு போகுது. கலவரமும் ஒரு மருந்துதான்."

வெளியே எங்கேயோ தகரம் இடிபடுகிற சத்தம். நான் பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன், இவர் சிரிக்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு ஒரு மாதிரி இழுத்தது. கை நடுங்கியது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. திடீரென்று, எக்ஸ்சேஞ்சில் இருக்கிற நினைப்பில், நல்ல உரத்த குரலில், "ஹலோ! எந்த நம்பர் வேணும்? ஹலோ!" என்றார்.

நான் அவருடைய வாயைப் பொத்தினேன். மற்றக் கையால் கதவைத் தட்டினேன். ராத்தா வந்து ஒரு பார்வைதான் பார்த்தார். ஓடிப்போய்க் கருப்பட்டியைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து, விரலால் அக்காவின் வாய்க்குள் தடவித் தடவி ஊட்டினார்.

"சீனி இறங்கிட்டு புள்ள. எங்கட மாமிக்கும் இப்படித்தான் வேர்த்து ஊத்தும், நடுங்கும், பிறகு ஆள் போயிடும். வெறும் வயித்துல குளிசய போட்டாவா?"

அக்காவுக்கு நினைவு திரும்பச் சுணங்கியது. திரும்பியதும் ராத்தா சொன்னார், "இந்த வேர்வ நல்ல வேர்வ இல்ல. வெளங்குதா? இது வந்தா எங்களக் கூப்பிடணும்."

அக்கா நனைந்த லேஞ்சியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, களைத்துப்போன குரலில், "எண்டாலும் வேர்த்ததுதானே" என்றார்.

அதற்குப் பிறகு யுத்தம் என்று ஆகிவிட்டது. வடக்கே ஓடிய ரயில் நின்றது. பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. ஊருக்கு மாற்றம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அவருடைய அம்மா அங்கே செத்தபோதும் போக முடியவில்லை. முன் அறையில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவருடைய வாயில் ஒரே பேச்சுத்தான். ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் வருத்தம் மாறிவிடும். அந்த வெயிலில் ஒரு கோடை இருந்தால் போதும், குளிசையும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். அதுவரைக்கும் இந்தக் குளிரில் தாக்குப் பிடித்துக் கிடக்க வேண்டும். அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே இந்த நம்பிக்கையில்தான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் எதிர்த்து ஒன்றும் பேசுவதில்லை.

இனி எழுதப் போவது எழுதக் கூச்சமான விசயம். ஆனால் அதை விட்டால் அக்காவை விளங்காது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் குத்திப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய அப்பருக்கு வீட்டில் பார்த்த பரிசோதனைதான் அவருக்கும். காலையில் பைப்படிக்குப் பக்கத்தில் மறைப்புக்குள் சிறுநீர் கழித்துவிட்டு வருவார். வெயில் ஏறியதும் நான் போய், அந்தச் சிமெந்துத் தரையில் எறும்பு மொய்த்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எறும்பு வந்தால் சீனி அதிகம். வராவிட்டால் குறைவு.

"எறும்பு வந்ததே பிள்ளை?"

"வந்திருக்குங்கக்கா."

"எவ்வளவு?"

"வரிசை கட்டி வந்திருக்குங்க."

அன்றைக்குக் கருப்பட்டி கிடையாது, மேட்டு வழியில் கூடுதலாக ஒரு நடை. ராத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் கேட்கச் சொல்வார், "எங்கட வீட்டுக்கு டாக்டர்மார் வரிசயா வந்து போறாங்க. பீஸ் கேக்கிறதில்ல, பசிதான் கூட."

ஒரு வருசம் ஐப்பசி மழை தொடங்கியது. அந்த வருசம் மழையும் குளிரும் விடாமல் பிடித்தது. மலையில் மூடுபனி இறங்கினால் மத்தியானம் வரைக்கும் எதிர் வீடு தெரியாது. நான் போய்ப் பார்க்கிறேன், சிமெந்துத் தரையில் ஒரு எறும்பு இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கண்டதைத்தானே நான் சொல்ல முடியும்.

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியே பிள்ளை? குளிரிலையும் குறைஞ்சிட்டுது. இனி ஏன் குளிசை?" பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். பிளேன் டீயும் கருப்பட்டியும் தாராளமாக நடந்தது. ஆனால் ஆள் மெலிந்துகொண்டே வந்தார். தண்ணீர் குடித்துத் தீரவில்லை. சட்டைக் கை தொங்கியது.

ராத்தாதான் ஒரு நாள் குசினியில் நின்று யோசித்தார். கருப்பட்டி டின் மூடி திறந்து கிடந்தது, அதில் ஒரு எறும்பும் இல்லை. அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனார். மழை விட்டிருந்த நேரம். அக்காவின் இடத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு வந்தார். பின்னேரம் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கருப்பட்டி நனைந்து, வைத்த இடத்திலேயே இருந்தது. எறும்பு இல்லை.

"செல்லுங்க பாப்பம், இந்தக் கருப்பட்டிக்கும் சீனி கொறஞ்சிட்டா?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் கருப்பட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குளிருக்கு எறும்பும் ஒளிச்சுக் கிடக்குது" என்றார் கடைசியில். "அதுக்கு நான் என்ன செய்ய? எல்லாத்தையும் இந்தக் குளிர்தான் கெடுக்குது."

கோபமாகக் குசினிக்குள் போனார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பலகையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் அடுப்பு வாயை நோக்கி நீட்டினார். "வேர்க்கட்டும்" என்றார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நிம்மதியாகத்தான் தெரிந்தார்.

"இன்னும் ஒரு விறகு வை பிள்ளை. சூடே தெரியேல்லை."

வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தீய்ச்சல் மணம் வந்தது. அடுப்பில் சட்டி இல்லை. திரும்பிப் பார்க்கிறேன், அக்காவின் பெருவிரலுக்குப் பக்கத்தில் தோல் பொங்கிக் கறுத்துக்கொண்டிருக்கிறது. அவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். அந்த முகத்தை இந்த வயசிலும் மறக்க முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தார்.

"என்னடி? என்ன நடந்தது?"

கண்டியில் ஆஸ்பத்திரியில் அவரோடு நின்றது நான். டாக்டர் ஒரு சிங்களப் பெண், மரியாதைக்கு நோனா என்றுதான் கூப்பிடுவோம், தமிழும் பேசினார். அவர் ஒரு குச்சியால் அக்காவின் பாதத்தைக் குத்திக் குத்தித் தெரிகிறதா என்று கேட்டார், அக்கா இல்லை, இல்லை என்று தலையாட்டினார்.

"அம்மா, கால்ல நரம்பு போயிருக்கு. அதுதான் சூடு தெரியல்ல. நரம்பு போனா கால் வேர்க்கிறதும் இல்ல."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப, எனக்கு வேர்க்காதது இந்தக் குளிராலை இல்லையோ?"

டாக்டர் நோனா நல்ல மனுசி, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லவில்லை. "குளிர் காலத்தில சீனி கூடுறத நாங்களும் பாக்கிறோம். நடக்க மாட்டாங்க, சாப்பாடு கூடும், உடம்புக்கு உள்ளேயும் என்னமோ மாறுது. ரொம்பச் சூடும் நல்லதில்ல, அதுவும் கரைச்சல்தான். எது எவ்வளவுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது அம்மா. மருந்த மட்டும் விடாதீங்க. வெறுங்கால்ல மட்டும் நடக்காதீங்க."

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். ஊசி மருந்து தொடங்கியது. அது குளிரில் இருக்க வேண்டிய மருந்து. ராத்தாவின் பிரிட்ஜில், மீன் பொட்டலத்துக்கு மேல்தட்டில், அந்தச் சின்னப் போத்தல்கள் வருசக் கணக்கில் இருந்தன. அக்கா நொண்டி நொண்டி வேலைக்குப் போய்ப் பென்சன் வரைக்கும் இழுத்துவிட்டார். லேஞ்சியைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. ஆனால் பார்த்ததும் மடித்து வைத்துவிடுவார். டாக்டர் சொன்ன வார்த்தை அவருக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு நாள் சமாதானம் என்றார்கள். பாதை திறந்தது. அக்கா அன்றைக்கே பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

"அங்க இன்னும் கரண்ட் வரல்லியாமே" என்றார் ராத்தா. "மருந்த எங்க வெப்பீங்க?"

"மண்பானையிலை ஈர மணல் போட்டு வைப்பன்."

"அந்த வெயிலுக்கு அது தாங்குமா? இந்தக் குளிரப் போட்டு ஏசினீங்க, மருந்தக் காப்பாத்தினது இந்தக் குளிருதானே."

"உங்கடை பிரிட்ஜ்தான் காப்பாத்தினது" என்று அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எனக்கு ஒருக்காப் பார்க்க வேணும் ராத்தா. வேர்க்காததுக்குக் காரணம் குளிரோ, நானோ எண்டு" என்றார்.

ராத்தா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகிற அன்று அக்கா கம்பளிச் சுவெட்டரை என்னிடம் தந்தார். "எனக்கு இனி உது தேவைப்படாது" என்றார். கண்டி குட் செட் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். செருப்புப் போட்டிருக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன், போட்டிருந்தார்.

அடுத்த வருசம், சின்ன வெங்காய லொறியில் கண்டி மார்க்கட்டுக்கு வந்த ஒருவரை என் வீட்டுக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் ஊர்க்காரர். தேத்தண்ணீர் கொடுத்தேன். அவர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவ செத்துப்போனா அம்மா. கோயில் திருவிழாவுக்கு வந்தவ. நல்ல கோடை, மத்தியானம். வீதி மணல் கொதிக்குது. நாங்கள் எல்லாம் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுறம். அவ வெறுங்காலோடை மெள்ள மெள்ளக் கோயில் வீதியைச் சுத்தி வாறா. பக்திதான் எண்டு நினைச்சம். அடுத்த நாள் காலெல்லாம் கொப்புளம். ஆஸ்பத்திரியிலை கனநாள் கிடந்தவ. மருந்தும் பழுதாப் போச்சுதெண்டு கதைச்சினம். எனக்குச் சரியாத் தெரியாது."

ராத்தா, "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தார். எனக்கு அழுகை வரவில்லை, அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. அந்நிய ஆம்பிளையிடம் நான் கேள்வி கேட்டதே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, அவங்களுக்கு வேர்த்துச்சுங்களா?"

அவர் விழித்தார். "என்னம்மா?"

"அந்த வெயில்ல. வேர்த்துச்சுங்களா?"

"அதை ஆர் பார்த்தது?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார்.

இவ்வளவுதான். ராத்தாவும் இப்போது இல்லை. குளிர் நாளில் அந்தச் சுவெட்டரை நான்தான் போட்டுக்கொள்கிறேன். எடுத்தது இடது காலின் பெருவிரலா, வலதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. எறும்பு குளிருக்கு ஒளிந்ததா, மழைக்கு ஒளிந்ததா, அதுவும் தெரியாது. டாக்டர் நோனா சொன்னதை நான் சரியாக எழுதினேனா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். பருத்தித்துறைப் பக்கத்தில் அந்தத் திருவிழாவுக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு விரல் இல்லாத காலோடு வெயிலில் வீதி சுற்றிய அம்மாவை ஞாபகம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய கையில் ஒரு வெள்ளை லேஞ்சி இருந்திருக்கும். அது நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.